ரோலர் கோஸ்டர் தண்டவாளம்: குழாயை வளைப்பது கஷ்டமா, வெல்டிங் வைப்பது கஷ்டமா?

தண்டவாளப்பித்து எழுதியது:

வணக்கம். போன மாதம் திருப்போரூர் பக்கம் இருக்கும் வொண்டர்லா பூங்காவில் தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரில் ஏறினேன். சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மாபில்லார்ட், சுருக்கமாக பி அண்ட் எம், செய்து கொடுத்தது. வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது தலைக்கு மேலே போகும் டிராக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் முதுகெலும்பு போல ஒரு கனமான பகுதி, அதிலிருந்து கை நீட்டியது போலக் குறுக்குத் துண்டுகள், அந்தக் கைகளின் முனையில் இரண்டு குழாய்கள். குழாய்கள் முறுக்கிக்கொண்டும் வளைந்துகொண்டும் போகின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எங்கேயும் மாறவே இல்லை.

இதை எப்படிச் செய்கிறார்கள்? குழாயைப் பழுக்கக் காய்ச்சி வளைக்கிறார்களா? இரண்டையும் எப்படி ஒரே மாதிரி வளைக்க முடிகிறது? வெல்டிங் ரோபோவா, மனிதக் கையா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

அம்பத்தூர் ஷீட்மெட்டல் எழுதியது:

காய்ச்சித்தான் வளைக்க வேண்டும் தம்பி. என் அப்பா காலத்தில் குழாய்க்குள் நன்றாகக் காய்ந்த மணலை இடித்து நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்து, உலையில் காய்ச்சி வளைப்பார்கள். மணல் இல்லாவிட்டால் குழாய் நசுங்கிவிடும். இவ்வளவு கனமான குழாயைப் பச்சையாக வளைத்தால் விரிசல் விடாதா? ரோலர் கோஸ்டருக்கும் அதே முறையாகத்தான் இருக்கும், மெஷின் மட்டும் பெரிதாக இருக்கும்.

வளைகோடு எழுதியது:

ஐயா சொன்ன மணல் முறை உண்மையான முறைதான், பழைய பட்டறைகளில் எல்லாம் அப்படித்தான். ஆனால் கோஸ்டர் தண்டவாளத்தைப் பெரும்பாலும் குளிர்நிலையிலேயே வளைக்கிறார்கள். நான் நெதர்லாந்தில் எஃகுக் கட்டுமானக் கணக்கு போடும் வேலையில் இருக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு குழாய்களும் ஒரே மாதிரி வளைவதில்லை. வளைவில் சாய்ந்து போகும்போது வெளிப்பக்கக் குழாய் நீளம், உள்பக்கக் குழாய் குட்டை. சாய்வு மாறிக்கொண்டே இருந்தால் இரண்டும் வேறு வேறு திசையில் வளைய வேண்டும். வடிவமைப்பவர்கள் குழாயிலிருந்து தொடங்குவதே இல்லை. உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு எந்தக் கோட்டில் போக வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கிறார்கள். முறுக்கு வரும் இடத்தில் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் டிராக் திரும்புகிறது. குழாய்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கணக்காக வந்து விழுகிறது. மியூனிக்கைச் சேர்ந்த வெர்னர் ஸ்டெங்கல் என்ற பொறியாளர்தான் இந்த அணுகுமுறையை நிலைநாட்டினார்.

வட்டம் ஏன் உதவாது என்பதும் சுவாரசியமான கதை. 1895இல் நியூயார்க் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்று ஒன்று வந்தது. அதன் லூப், அதாவது தலைகீழாகச் சுற்றிவரும் வளையம், முழு வட்டம். நேராக வரும் வண்டி ஒரே நொடியில் வட்டத்துக்குள் நுழையும்போது கழுத்தில் அடி விழுந்த மாதிரி இருக்கும், அதனாலேயே அதற்குக் கெட்ட பெயர். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் ஆன்டன் ஷ்வார்ஸ்காஃப் கட்டிய ரெவல்யூஷனில்தான் நவீன லூப் வந்தது. அதற்கு வடிவம் கொடுத்தவரும் ஸ்டெங்கல்தான். நுழையும்போது பெரிய ஆரம், மேலே போகப் போகச் சுருங்கும் ஆரம், கண்ணீர்த்துளி மாதிரி. பயணிக்கு சுகம். பட்டறைக்காரருக்கோ கஷ்டம், ஏனென்றால் அந்தக் குழாயில் ஒரு முழத்துக்குக்கூட ஒரே ஆரம் நிற்காது.

வளைக்கும் மெஷின் பெரும்பாலும் உருளைகள் வைத்தது. குழாயை உருளைகளுக்கு நடுவே செலுத்தி, ஒரு உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போவார்கள். எஃகுக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தத்தை விட்டதும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். எவ்வளவு திரும்பும் என்பது அந்தக் குழாயின் கனம், விட்டம், ஏன், எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்பதைப் பொறுத்துக்கூட மாறும். அதனால் வேண்டியதைவிடக் கூடுதலாக வளைத்து, விட்டுப் பார்த்து, அளந்து, மறுபடி செலுத்துவார்கள். சுவர் கனமான குழாயை எடுப்பதால் ஐயா பயப்படுகிற மாதிரி நசுங்குவதோ விரிசல் விடுவதோ இல்லை. ஆனால் லேசாக முட்டை வடிவம் ஆகும், அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

எஃகுக் குழாயைத் தண்டவாளமாக முதலில் போட்டது ஆரோ டெவலப்மென்ட். 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன். அதற்கு முன்னால் மரப் படுகை மேல் இரும்புப் பட்டை அடித்ததுதான் வழக்கம்.

அப்புறம் ஒரு உபரித் தகவல். இங்கே ஃபிளோட்ராப் என்ற ஊரில் இருக்கும் வெகோமா, 1926இல் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய பட்டறை. பிறகு லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு எஃகு வேலை செய்தது. சுரங்கங்கள் மூடியதும் குழாய் வேலைக்குப் போனது, அங்கிருந்து கோஸ்டருக்கு. குழாயை வளைத்துப் பழகிய கைகளால்தான் இந்தத் தொழிலே வளர்ந்தது.

துவாக்குடி ஃபிட்டர் எழுதியது:

வளைகோடு சார் அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் திரியின் தலைப்புக்கு என் பதில் வெல்டிங்தான். வளைத்த குழாய் சரியில்லை என்றால் திரும்பவும் மெஷினில் ஏற்றலாம். வெல்டிங் வைத்த பிறகு கோணினால் அதை நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விடும்.

நான் கோஸ்டர் செய்ததில்லை. துவாக்குடியில் பாய்லர் சம்பந்தப்பட்ட ஃபேப்ரிகேஷனில் 19 வருடம். ஆனால் இரண்டு குழாய், நடுவில் குறுக்குத் தகடுகள், ஏணி மாதிரி ஃபிரேம் நிறையச் செய்திருக்கிறோம். கோஸ்டர் டிராக்கும் அடிப்படையில் ஏணிதான், முதுகெலும்பு மட்டும் கூடுதல்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு யூனிட்டில் 6 மீட்டர் ஏணி ஃபிரேம். மேஜையில் கிளாம்ப் போட்டு, டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் பொட்டு வெல்டு) வைத்து, நூல் கட்டிப் பார்த்தோம், ஊசி மாதிரி நேர். மாலைக்குள் லாரி வர வேண்டும் என்று ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை வரிசையாக வெல்டிங் அடித்துக்கொண்டே போனோம். எல்லா வெல்டும் மேல் பக்கத்தில். ஆறிய பிறகு கிளாம்பைத் தளர்த்தியதும் டொங்கென்று ஒரு சத்தம். இரண்டு முனையும் வில் மாதிரி மேலே தூக்கிக்கொண்டது. மறுபடி நூல் கட்டினோம். 14 மி.மீ.

காரணம் எளிது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுக்கும். எல்லா வெல்டும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கம் குட்டையாகும். மேஸ்திரி ஃபிரேமைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் கேஸ் டார்ச்சால் முக்கோணம் முக்கோணமாகச் சூடு வைத்தார். மங்கின சிவப்பு வந்ததும் எடுத்துவிடுவார், அதற்கு மேல் போக விடமாட்டார். அந்த இடம் ஆறிச் சுருங்கி ஃபிரேம் மெல்ல மெல்ல இறங்கியது. விடிய விடிய ஆனது. அடுத்த ஃபிரேமுக்கு நடுவில் தொடங்கி வெளியே போனோம், இடது ஒன்று வலது ஒன்று என்று மாற்றி மாற்றி. தொடங்கும் முன்பே எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்தும் வைத்தோம். 2 மி.மீ.தான் வந்தது.

இப்போது கோஸ்டருக்கு வாருங்கள். அதன் சக்கரங்கள் குழாயை மூன்று பக்கம் பிடிக்கும். பாரம் தாங்கும் சக்கரம் ஒரு பக்கம், அதற்கு எதிரே வண்டி தூக்கிக்கொள்ளாமல் பிடிக்கும் சக்கரம், பக்கவாட்டில் ஒரு சக்கரம். அப்படியானால் கையை வெல்டு வைக்க மிச்சம் இருப்பது குழாயின் ஒரே ஒரு பக்கம்தான். எத்தனை குறுக்குத் துண்டு இருந்தாலும் எல்லா வெல்டும் அந்த ஒரே பக்கத்தில். நாங்கள் அவசரத்தில் செய்த தப்பு, அவர்களுக்கு வடிவத்திலேயே இருக்கிறது. அதைச் சமாளித்துத்தான் இடைவெளியை மி.மீ. கணக்கில் வைத்திருக்கிறார்கள். தம்பி வரிசையில் நின்று பார்த்து வியந்தது சரியான விஷயத்தைத்தான்.

அதனால்தான் ஜிக், அதாவது துண்டுகளை அதனதன் இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம், இல்லாமல் இந்த வேலை நடக்காது. முதுகெலும்பை முதலில் படுக்க வைத்து, கைகளைப் பொருத்தி, ஒவ்வொரு கையின் இடத்திலும் குழாய் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆதாரம் போட்டு, அதில் குழாயை உட்கார வைத்து டேக் வைக்க வேண்டும். இந்தக் காலத்தில் லேசர் டிராக்கர் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் கம்ப்யூட்டர் மாடலோடு ஒப்பிட முடிகிறது. டேக் முடிந்து ஒரு தடவை, வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு ஒரு தடவை அளந்தால்தான் எவ்வளவு இழுத்தது என்று தெரியும்.

ரோபோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரோபோவுக்குப் பிடித்தது ஒரே மாதிரி ஆயிரம் துண்டு. கோஸ்டரில் இந்தத் துண்டு மாதிரி அடுத்த துண்டு இருக்காது. அதனால் பெரும்பகுதி மனிதக் கைதான், கேஸ் கவசத்தோடு கம்பி ஓடும் மிக் டார்ச். பி அண்ட் எம் டிராக் நிறைய அமெரிக்காவின் ஒஹையோவில் பட்டேவியா என்ற ஊரில், கிளெர்மான்ட் ஸ்டீல் ஃபேப்ரிகேட்டர்ஸ் பட்டறையில் ஆகிறது. அந்தப் பட்டறைப் படங்களைப் பார்த்தால் நம்ம ஊர் ஷெட் மாதிரியேதான் இருக்கும். கிரேன், டார்ச், கிரைண்டர், முகமூடி போட்ட ஆள்.

தண்டவாளப்பித்து எழுதியது:

ஃபிட்டர் அண்ணா, அந்த டொங்கென்ற சத்தம் எனக்கே கேட்டது போல இருக்கிறது. மிக்க நன்றி.

இன்னொரு கேள்வி. 2023 ஜூன் 30இல் அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் ஃபியூரி 325 என்ற கோஸ்டரின் ஒரு தூண் மேல் பக்கம் முழுதாக விட்டுப் போனதை வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர்தான் படம் எடுத்துக் காட்டினார். வண்டி போகும்போது தூண் விலகுவதே தெரிந்தது. அதுவும் பி அண்ட் எம்தான், 2015இல் திறந்தது. 8 வருடத்தில் எப்படி? இன்னும் பலமான எஃகு போட்டிருந்தால் தப்பித்திருக்குமா?

அம்பத்தூர் ஷீட்மெட்டல் எழுதியது:

வெல்டு குறைவாக வைத்திருப்பார்கள். 6 மி.மீ. வைக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ. வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. இரும்பும் உயர்ந்த ரகம் போட வேண்டும்.

வளைகோடு எழுதியது:

ஐயா, இதில்தான் நான் உங்களோடு முழுதாக மாறுபடுகிறேன். அந்தக் குறிப்பிட்ட தூண் ஏன் விட்டது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாக இந்த வகை அமைப்பு எப்படி விடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரே தடவை பெரிய பாரம் வந்து உடைவது வேறு. சின்னப் பாரம் லட்சக்கணக்கான தடவை வந்து போய், ஒரு மயிரிழை விரிசல் தொடங்கி, தினம் கொஞ்சம் நகர்ந்து ஒரு நாள் விடுவது வேறு. இரண்டாவதற்குப் பெயர் களைப்பு முறிவு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு ரயில், நாளுக்கு 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 1,80,000 தடவை. ஒரு ரயிலில் 8 பெட்டி என்று வைத்தால், ஒரு குறுக்குத் துண்டின் வெல்டு மேல் சக்கரப் பாரம் வருடம் 14,40,000 தடவை ஏறி இறங்குகிறது. ஐரோப்பிய எஃகு விதிகளில் களைப்புப் பலத்தை 20 லட்சம் தடவைக்குத்தான் வகைப்படுத்துகிறார்கள். அதை இந்த வெல்டு ஒன்றரை வருடத்துக்குள் தாண்டிவிடும்.

அந்த விதியில் வெல்டு ஏதும் படாத தையலற்ற குழாய்க்குக் களைப்புப் பல எண் 160 (எண் பெரிதானால் பலம் கூடுதல்). அதே குழாயின் மேல் குறுக்காக ஒரு தகட்டைச் சும்மா வெல்டு வைத்து ஒட்டினால் எண் 80 ஆகிறது. ஆயுள் இந்த எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கிய கணக்கில் மாறும். அதாவது பாதியானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. குழாய் அதேதான், பாரமும் அதேதான், ஒரு வெல்டு பட்டதுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம் பலருக்கு நம்பவே முடியாது: வெல்டு வைத்த இணைப்பில் இந்த எண் எஃகின் ரகத்தைப் பொறுத்து மாறுவதில்லை. எஸ்355 என்ற வழக்கமான கட்டுமான எஃகுக்குப் பதிலாக இரண்டு மடங்கு பலமுள்ள எஃகு போட்டாலும் அதே 80தான். ஏனென்றால் வெல்டு முடிந்து தாய் உலோகம் தொடங்கும் அந்த ஓரத்தில் நுண்ணிய வெட்டுகள் வெல்டிங் போதே பிறந்துவிடுகின்றன. கூடவே சுருங்கிய உலோகம் இழுத்துப் பிடித்த விசையும் உள்ளே நிற்கிறது. விரிசல் தொடங்குவதற்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. பலமான எஃகிலும் அது அதே வேகத்தில்தான் வளரும்.

10 மி.மீ. வெல்டு வைத்தால்? வெல்டின் வேர்ப்பக்கம் விடுகிற மாதிரி அமைப்பு என்றால் கொஞ்சம் உதவும். ஓரத்தில் விடுகிற மாதிரி என்றால் உதவாது. கூடுதல் சூடு, கூடுதல் இழுப்பு, ஃபிட்டர் சொன்ன வில் இன்னும் வளையும். உண்மையில் உதவுவது மூன்று: அசைவு அதிகம் உள்ள இடத்திலிருந்து வெல்டையே தள்ளி வைப்பது, தகட்டின் முழுக் கனத்துக்கும் இறங்கும் முழு ஊடுருவல் வெல்டு, ஓரத்தைப் பதமாகக் கிரைண்ட் செய்து வழவழப்பாக்குவது.

ஃபியூரியில் விரிசல் போனது வெல்டுக் கோட்டை ஒட்டித்தான். அந்தத் தூணையே மாற்றிவிட்டு ஆகஸ்ட் 10இல் திறந்தார்கள். ஒரு தூண் விட்டும் பக்கத்துத் தூண்களும் முதுகெலும்பும் பாரத்தைத் தாங்கின. அது தற்செயல் இல்லை. ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்று வடிவமைப்பதன் பலன். ஆனால் அதைக் கண்டுபிடித்தது ஒரு பார்வையாளர் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என்டிடி லெவல் டூ எழுதியது:

எனக்கும் அதே உறுத்தல். என் வேலையே அந்த மயிரிழையைத் தேடுவதுதான்.

வெல்டு ஓர விரிசல் வெறும் கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கட்டத்தில்தான். நாங்கள் செய்வது இது: வெல்டைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மெல்லிய வெள்ளைப் பெயின்ட் அடிப்போம். யோக் என்ற இரண்டு கால் காந்தத்தின் கால்களை வெல்டுக்குக் குறுக்கே வைத்து, கறுப்பு மையை மேலே தெளிப்போம். அதில் இரும்புத் துகள் மிதக்கும். விரிசல் இருந்தால் காந்தப்புலம் அங்கே கசியும், துகள்கள் ஓடிப்போய் அதன் மேல் ஒட்டும். வெள்ளையின் மேல் பேனாவால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதற்கு முன் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்திருந்தேன், ஒன்றுமே தட்டுப்படவில்லை.

எல்லோரும் விடுகிற ஒரு விஷயம் நேரம். கனமான தகட்டில் ஈரமான ராடு வைத்து வெல்டு அடித்தால் ஹைட்ரஜன் உள்ளே போய்விடும். விரிசல் அன்றைக்கே வராது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வரும். அதனால் பல வேலைகளில் வெல்டு முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியே வைத்திருப்பார்கள். நடைமுறையில் லாரி வாசலில் நிற்கும், "சார் இப்பவே பார்த்துடுங்க" என்பார்கள். பார்க்கவே கூடாது. 7018 என்ற வகை வெல்டிங் ராடை 350 டிகிரி ஓவனில் காய வைத்து எடுத்து, சூடான டப்பாவிலேயே வைத்திருந்து அடிப்பதெல்லாம் இதற்குத்தான்.

கோவை லேத் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழாயே வேண்டாம் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் செய்கிறதே, ஆர்எம்சி என்று. அது எப்படி?

துவாக்குடி ஃபிட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. ஐடாஹோவில் இருக்கும் ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன். 2011இல் டெக்சாஸின் பழைய மரக் கோஸ்டரை நியூ டெக்சாஸ் ஜயன்ட் என்று மாற்றியபோது ஐபாக்ஸ் என்ற டிராக்கைப் போட்டார்கள். தட்டையான தகடுகளை வேண்டிய வளைவிலேயே மெஷினில் வெட்டி எடுத்து, ஐ வடிவத்தில் வெல்டு வைத்துச் சேர்ப்பது. குழாய் வளைக்கும் மெஷினே வேண்டாம், நீங்கள் சட்டைத்துணி வெட்டித் தைப்பது மாதிரி. முறுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதனால் மரச் சாரத்தின் மேலேயே தலைகீழாகப் போகும் கோஸ்டர்கள் வந்தன.

ஆனால் வளைக்கும் கஷ்டம் போய், அது முழுக்க வெல்டிங் கஷ்டமாக மாறியிருக்கிறது. குழாயில் ஒவ்வொரு கை வரும் இடத்தில் மட்டும் வெல்டு. இதில் தண்டவாளத்தின் முழு நீளத்துக்கும் வெல்டு. இழுப்பும் முழு நீளத்துக்கு. அதைக் கட்டுக்குள் வைத்து இவ்வளவு வழுவழுப்பாக ஓட விடுகிறார்கள் என்றால் அந்த வெல்டர்களுக்கு நான் தலைவணங்குகிறேன்.

அம்பத்தூர் ஷீட்மெட்டல் எழுதியது:

வளைகோடு தம்பி, 160க்கும் 80க்கும் உள்ள விஷயம் 40 வருடத் தொழிலில் எனக்கு யாரும் சொல்லாதது. ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பட்டறையில் அதிர்வு வரும் பிராக்கெட் எல்லாம் திரும்பத் திரும்ப ஏன் விடுகிறது என்று இப்போது புரிகிறது. விட்ட இடத்தில் இன்னும் கனமாக வெல்டு வைத்துக்கொண்டே இருந்தோம்.

சரி, குழாய்க்குள் மணல் என்று நான் சொன்னது கோஸ்டருக்கு ஒட்டவே ஒட்டாதா?

வளைகோடு எழுதியது:

ஒட்டும் ஐயா, வேறு காரணத்துக்கு. பெட்டி முதுகெலும்பு உள்ளே வெறுமையாக இருப்பதால் வண்டி போகும்போது மத்தளம் மாதிரி முழங்கும். பி அண்ட் எம் கோஸ்டர்களின் அந்த உறுமலைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பூங்காவுக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் முதுகெலும்பிலும் தூண்களிலும் மணல் நிரப்பிவிடுவார்கள், சத்தம் அமுங்கிவிடும். நீங்கள் வளைக்கும் முன் நிரப்பினீர்கள், அவர்கள் வளைத்துச் செய்து முடித்த பிறகு நிரப்புகிறார்கள்.

தண்டவாளப்பித்து எழுதியது:

அடுத்த வாரம் தங்கையோடு மறுபடி போகிறேன். வரிசையில் நிற்கும்போது எதைப் பார்க்கட்டும்?

துவாக்குடி ஃபிட்டர் எழுதியது:

இரண்டு துண்டு சேரும் இடத்தைப் பாருங்கள் தம்பி. லாரியில் ஏற்ற வேண்டும் என்பதால் துண்டு துண்டாகத்தான் வரும். முதுகெலும்பில் தடித்த ஃபிளான்ஜ் (போல்ட் துளை உள்ள விளிம்புத் தகடு) வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். அதே இடத்தில் இரண்டு தண்டவாளக் குழாய்களும் முனையோடு முனை சேரும், நடுவே மெல்லிய கோடு மட்டும் தெரியும். ஒரு துண்டின் கடைசி முனை வெல்டு இழுப்பில் துளி நகர்ந்திருந்தாலும் அந்தக் கோட்டில் படி தெரிந்துவிடும், சக்கரம் ஒவ்வொரு தடவையும் அதில் தட்டும்.

குழாயில் சக்கரம் ஓடும் பட்டையில் பெயின்ட் போய் இரும்பு வெள்ளி மாதிரி மின்னும். அந்த மின்னல் கோடு சேரும் இடத்தைத் தாண்டியும் அதே அகலத்தில் போகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.